அப்பா உபவாசம் இருந்த மாலைகள்

என் செல்ல அப்பாவுக்கு,

போனை எடுத்ததும் "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்பீர்கள். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிட்டுவிட்டேன். அம்மா பாதி தோசையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள், ஆனால் காபி குடித்தார்கள். தம்பி செல்வின் காலையில் நன்றாகச் சாப்பிடுகிறான். சாயங்காலம் மட்டும் எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

இதை நம் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மாத இதழில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்கிறாளே என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களில் இன்னும் யார் யார் வீட்டு பிரிட்ஜில் அந்த ஊசி மருந்துக் குப்பி இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாகன பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பிரேக்குக்குப் போகிற பாகம் எதுவும் உங்கள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாத லோடைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேனேஜரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவீர்கள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பிரெட் பாக்கெட் வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி பார்ப்பீர்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "ஆபீஸ்ல விசாரிச்சாச்சு, சர்ச்ல விசாரிச்சாச்சு, இன்னும் வீட்டு ஓனரை விசாரிக்கல" என்று சொல்லிக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டீர்கள். என் கணவர் மனோகர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிப்பார். இப்போது பாதியில் நிறுத்திவிடுகிறார்.

அப்படிப்பட்ட மனுஷர், 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று லேபிளில் அச்சடித்திருந்த ஒன்றைத் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்? லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நானே நம்பவில்லை.

உபவாசம் எப்போது ஆரம்பித்தது என்று அம்மாவைக் கேட்டேன். ஐப்பசி மழை விட்டு ஏரி நிரம்பியிருந்த சமயம் என்றார்கள். சாயங்கால டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருட்டத் தொடங்கியதும் செல்வினைக் கூட்டிக்கொண்டு உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்களாம். "புள்ளைக்காக ஜெபம் பண்றேன், கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீங்க" என்பீர்களாம். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்களாம்.

நம் சபையில் ஒருவர் உபவாசம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். எதற்காக, எவ்வளவு காலம், உடம்பு தாங்குமா, ஒன்றும் கிடையாது. அது ஆண்டவருக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று மரியாதையாக விலகிவிடுவார்கள். அந்த மரியாதைக்குள்தான் நீங்கள் போய் ஒளிந்துகொண்டீர்கள். பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டினார், நினைவிருக்கிறதா? நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். தாழ்மை என்று நினைத்தோம்.

வெறும் வயிற்றில் போட்டால்தான் அந்த ஊசி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்வினைப் பற்றியும் சொல்லவேண்டும். தாடியில் நரை வந்துவிட்டது, ஆனாலும் சட்டைப் பட்டனைப் போட்டுவிட அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, ஷேவ் பண்ணிவிடுவது, சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் போகிற வருகிற ரயிலுக்கெல்லாம் கை காட்டவைப்பது, எல்லாமே நீங்கள்தான். இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டில் அப்பா அம்மாவுக்கு வருகிற பயம் ஒன்றே ஒன்று, நமக்குப் பிறகு யார் என்பது. "இவனுக்கு அப்புறம்தான் நான் போகணும். ஒரு நாளாவது அப்புறம்" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வீர்களாம். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் கால்தான் வீங்கியது. செருப்பு வாரின் தடம் பாதத்தில் அப்படியே பதிந்து நின்றது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. கேட்டால், "ஏரியில ரெண்டு ரவுண்டு கூடப் போயிட்டேன்மா" என்றீர்கள். விரல் மரத்துப்போகிறது என்று கையை உதறிக்கொண்டே இருந்தீர்கள். ஆனால் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. கன்னத்துச் சுருக்கமெல்லாம் நிரவிப்போயிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள், "என்ன அங்கிள், வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது?" என்று கேட்டபோது நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். அது இளமை இல்லை அப்பா, உடம்பில் தங்கிய நீர். பிறகு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீர் கோத்த முகத்தைப் பார்த்து வீடே சந்தோஷப்பட்டது.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த உங்களுக்கு மூச்சு வாங்கியது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான் ஆபீஸிலிருந்து ஓடிவருவதற்குள் மனோகர் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து வந்து, உங்களைக் காரில் ஏற்றித் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். டூட்டி டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அம்மாவிடம் விசாரித்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாரு?"

"பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை. வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

"நாட்டு மருந்து, சத்துப் பவுடர், ஊசி எதாவது?"

"ஐயோ, இவரா? தேதி பாக்காம தண்ணி பாட்டில்கூடத் திறக்க மாட்டாரு."

"சுகர் இவ்ளோ ஏறியிருக்கே. சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லையா?"

"தினமும் சாயங்காலம் ஆனா உபவாசம் டாக்டர். மாசக்கணக்கா இருக்காரு" என்று அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நீங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருந்தீர்கள். கண் திறந்திருந்தது, காதும் கேட்டது. ஒரு விரலை அசைத்திருக்கலாமே அப்பா? பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கமா? இல்லை, ஊசியை நிறுத்திவிடுவார்களே என்று பயமா? இதைத்தான் நான் தினமும் ரயிலில் போகும்போது கேட்டுக்கொண்டு போகிறேன்.

சொன்னவன் செல்வின். அவனை வீட்டில் தனியாக விடமுடியாமல் கூடவே கூட்டி வந்திருந்தோம். நர்ஸ் ஊசியோடு வந்ததைப் பார்த்ததும் தன் சட்டையைத் தூக்கி, தொப்புள் பக்கத்துச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, "அப்பா இங்க. அப்பா இங்க" என்றான். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கடா அப்பா போட்டாங்க?" என்று கேட்டேன்.

"ரூம்ல. ஜெபம்." கொஞ்சம் யோசித்து, "பிரிட்ஜ்" என்றான்.

மனோகர் போய்க் கொண்டுவந்தார். காய்கறித் தட்டுக்குள் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது. எந்த வீட்டு பிரிட்ஜில்தான் அப்படி ஒரு டப்பா இல்லை? அரைத்த விழுது ஏதோ என்று அம்மா அதைத் தினமும் நகர்த்தி வைத்துவிட்டுக் கத்தரிக்காயை எடுத்திருக்கிறார்கள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், மெல்லிய ஊசிகள், துடைக்கப் பஞ்சு. ஊசியெல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. வேலையில் நீங்கள் எவ்வளவு சுத்தம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

டாக்டர் லேபிளை இரண்டு முறை படித்தார். பிறகு என்னை வெளியே கூட்டிவந்து சொன்னார். லேபிளில் பெப்டைடு என்று போட்டிருக்கிறது, அது புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. இந்த வகை, உடம்பைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கவைக்கும். முதுமை குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். உடம்பில் நீர் தங்கும், சர்க்கரை ஏறும், ஏற்கெனவே பலவீனமான இதயம் என்றால் திணறிப்போகும்.

"அப்ப இதனாலதானா டாக்டர்?"

"தெரியலம்மா. இருக்கலாம். உங்கப்பாவுக்கு ஏற்கனவே பிரஷர், சுகர் ரெண்டும் இருக்கு. இதை அவர் வயசுக்காரங்களுக்குக் குடுத்து ஒழுங்கா சோதனை பண்ணி முடிச்சாத்தான யாராவது சொல்ல முடியும்? குப்பிக்குள்ள லேபிள்ல போட்டிருக்கிறதுதான் இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள். ஏன் போனீர்கள் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை. ஒரு பிரேக் பாகம் உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டீர்களே, உங்களுக்கு அதைச் செய்ய ஆள் இல்லாமல் போய்விட்டதே அப்பா.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஏரிக்குப் போனேன். அருகம்புல் ஜூஸ் விற்கிற அக்கா என் முகச்சாயலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இன்னாம்மா, சாரு பொண்ணா நீ? சார கொஞ்ச நாளா காணோமே, வூட்ல தான் கீறாரா?" என்று கேட்டார். சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்கத்தில் அழாத நான் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உங்களோடு நடக்கிற நடராஜன் அங்கிளை அங்கேதான் பார்த்தேன். அஸ்தினாபுரத்தில் ஒரு மாடியில் இருக்கும், அந்த ஊசியை விற்கிற 'வெல்னஸ் சென்டர்' பற்றி உங்களுக்குச் சொன்னதே தான்தான் என்று அவராகவே சொன்னார். அவருக்கு அதே ஊசியால் முட்டிவலி போய்விட்டதாம். பொய் சொல்கிற மனுஷர் இல்லை, போயிருக்கலாம். கால் வீங்குகிறது என்று நீங்கள் அங்கே போய்ச் சொன்னபோது, "அது மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம் சார், விட்டுடாதீங்க" என்றார்களாம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்தால் நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நீங்கள் அதை நம்பியதில் ஆச்சரியமில்லை.

அந்த மாடிக்கும் போனேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "மேடம், நாங்க மருந்துன்னு சொல்லி விக்கவே இல்லையே. ரிசர்ச் மெட்டீரியல்னு லேபிள்லயே போட்டிருக்கு."

"அப்ப ரிசர்ச் யார் மேல நடந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை போனபோது மாடியில் பலகையைக் காணோம். பூட்டு தொங்கியது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை அப்பா. என்னை உலுக்கிய விஷயம் வேறு. ஆறுதல் ஜெபத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு, ஒரு சாயங்காலம் செல்வின் தானாக எழுந்து உங்கள் அறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். திறந்து பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.

இவனுக்கும் போட்டீர்களா? இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் மூப்பு வரும் என்று பல வருடமாகக் கவலைப்பட்டவர் நீங்கள். அவன் வயிற்றை விளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவி ஊசித் தடம் தேடினேன். அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி ஒரே சிரிப்பு. மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ரிசல்ட் வரும்வரை உங்கள் போட்டோவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபத்தில் அதைத் திருப்பிக்கூட வைத்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் நேராக வைத்தார்கள்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அப்படியும் மனம் ஆறாமல் மறுபடி ஏரிக்குப் போய் நடராஜன் அங்கிளைப் பிடித்துக் கேட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே ஒரு நாள் கேட்டேன்மா. 'ஜேம்ஸ், செல்வினுக்கும் போட்டுப் பாரேன், அவனும் தளர்ந்துட்டு வரானே'ன்னு. உங்கப்பா நடந்துட்டிருந்தவரு அப்படியே நின்னுட்டாரு. அவரை அவ்ளோ கோவமா நான் பாத்ததே இல்ல. 'டெஸ்ட் ஆகாத சரக்குப்பா இது. இதைப் போய் என் புள்ள உடம்புல ஏத்துவேனா?'ன்னாரு."

"அப்ப அவர் மட்டும் ஏன் போட்டுக்கிட்டார்?"

"அதையும் கேட்டேன். 'எனக்கு வேற வழி இல்ல நடராஜா'ன்னாரு. சொல்லிட்டு வேகமா முன்னால நடந்துட்டாரு."

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏமாந்துபோனீர்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏமாறவில்லை. லேபிளைப் படித்து, அது சோதிக்கப்படாதது என்று தெரிந்து, உங்கள் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அதையே உங்களுக்குப் போட்டுக்கொண்டீர்கள். செல்வின் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்தான். அப்பா செய்வதையெல்லாம் செய்து பார்க்கிறவன், அதையும் செய்து பார்க்கிறான், அவ்வளவுதான்.

எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் வந்ததே இல்லை. இவ்வளவு பாசமும் வந்ததில்லை. அவன் உடம்பு உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, சரி. உங்கள் உடம்பு எங்களுக்குப் பெரிதில்லையா? அந்த ஊசி உங்களைச் சாய்த்துவிட்டால் அவனை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தீர்களா? அவனுக்காகப் போட்ட ஊசி அவனிடமிருந்தே உங்களைப் பிரித்துவிடலாம் என்று, ஒரு சின்னப் பிசிறைக்கூட விடாத உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போனது?

வேறு வழி இல்லை என்றீர்களாமே. நான் வழி இல்லையா அப்பா?

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை, "தம்பியை நான் பாத்துக்கறேன்பா" என்று சொன்னேன். "கட்டிக் குடுத்த பொண்ணு மேல பாரம் ஏத்தக் கூடாது. நீ உன் குடும்பத்தைப் பாரு" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள். எனக்குப் பிள்ளை பிறந்து, அவளும் காலேஜுக்குப் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகும் உங்கள் கணக்கில் நான் கட்டிக் கொடுத்த பெண்தான். என் குடும்பத்தில் அவன் இல்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? மாதக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் கேட்டீர்கள், குப்பியிடம் கேட்டீர்கள். செம்பாக்கத்தில் இருந்த என்னிடம் கேட்க ஒரு போன் போதுமே.

இப்போது நான் செம்பாக்கத்தில் இல்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சிட்லபாக்கத்துக்கே வந்துவிட்டோம். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோதே மனோகர் அட்டைப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். "எவ்ளோ நாள் இவ யோசிப்பான்னு பாத்தேன், முடியல" என்று அம்மாவிடம் சொன்னார். செல்வினுக்கு அவர்தான் ஷேவ் பண்ணிவிடுகிறார். உங்கள் அளவுக்குக் கை பழகவில்லை, தாடைக்குக் கீழே கொஞ்சம் விட்டுவிடுகிறார். என் மகள் ரூத் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறாள். முதலில் கூச்சப்பட்டாள். இப்போது அவளும் ரயிலுக்குக் கை காட்டுகிறாளாம்.

சாயங்காலம்தான் கஷ்டம். இருட்டினால் ஜெபம், சாப்பிடக் கூடாது என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. அறைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நான் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, சட்டையை இறக்கிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிடுகிறேன். நேற்று ஒரு வாய் வாங்கிக்கொண்டான். பிறகு, "அப்பா?" என்றான். அப்பா இல்லை என்று சொன்னேன். அவனிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தான்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற அங்கிள்களுக்கும் ஆன்ட்டிகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் குப்பி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். நல்லதோ கெட்டதோ, காட்டுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எதற்குப் பயந்து அதை வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பா, செல்வினுக்குப் பிறகு ஒரு நாளாவது இருப்பேன் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். அது என் கையில் இல்லை. அதை விலைக்கு வாங்கப் போய்த்தான் உங்களைப் பறிகொடுத்தோம். நான் கொடுக்கிற வாக்கு வேறு. எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று, நான் நன்றாக இருக்கும்போதே வாய் திறந்து கேட்பேன். மனோகரிடம், ரூத்திடம், சபையில், இந்தத் தெருவில், வெட்கப்படாமல் கேட்பேன். "நான் இருக்கேன்" என்று யாராவது சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்டால் சொல்வார்கள் அப்பா. நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் இருக்கேன்பா.

உங்கள் மகள்,
செல்வினின் அக்கா,
எஸ்தர்